பெங்குயின்கள் எப்படி வாழ்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்குயின் என்றதும் எல்லோருக்கும் வெண்பனிதான் நினைவுக்கு வரும். ஆனால் அதைப் புரிந்துகொள்ள, பனியைவிடக் கடலைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். அதன் உடம்பு, இரை, குஞ்சு வளர்ப்பு, அதற்கு வரும் ஆபத்து என எல்லாமே கடலோடு பிணைந்தவை. பள்ளிப் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

பெங்குயின்தான் பறக்காதே, அதை எப்படிப் பறவை என்கிறோம்?

உடம்பு முழுக்க இறகு இருக்கிறது, அலகு இருக்கிறது, முட்டையிட்டு அடைகாக்கிறது. அதனால் பறவைதான். பறப்பதை மட்டும் வைத்து முடிவு செய்தால் வௌவாலையும் பறவை என்று சொல்ல வேண்டிவரும்.

பெங்குயினின் இறக்கை தண்ணீருக்கென்றே மாறிப்போன இறக்கை. அதன் எலும்புகள் தட்டையானவை. முழங்கை, மணிக்கட்டு மூட்டுகள் இறுகிக் கிடப்பதால் மற்றப் பறவைகளைப் போல இறக்கையை மடக்க முடியாது. துடுப்பு போல விறைப்பாக நிற்கும். பறக்கும் பறவைகளின் எலும்புகள் பலவற்றில் உள்ளே காற்றறைகள் இருக்கும். பெங்குயினின் எலும்போ கெட்டியானது, கனமானது. உடம்பு தண்ணீரில் மேலே மேலே மிதந்து வந்தால் முக்குளிப்பது கடினம். அந்தச் சிரமத்தைக் கெட்டி எலும்பு குறைக்கிறது.

இது எவ்வளவு காலமாக உலகில் இருக்கிறது?

6 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக. மிகப் பழைய புதைபடிவங்கள் நியூசிலாந்தில் கிடைத்திருக்கின்றன. அங்கேயே கண்டெடுத்து 2023இல் பெயர் சூட்டப்பட்ட குமிமானு ஃபோர்டைசி என்ற பழங்காலப் பெங்குயின் சுமார் 150 கிலோ எடை இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

எல்லாப் பெங்குயின்களும் பனியில்தான் வாழ்கின்றனவா?

இல்லை. பெரும்பாலான வகைகள் பனிக்கட்டியே இல்லாத கரைகளில்தான் முட்டையிடுகின்றன. தென்னாப்பிரிக்கா, நமீபியா கரைகளில் ஆப்பிரிக்கப் பெங்குயின், பெரு, சிலி கரைகளில் ஹம்போல்ட் பெங்குயின், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சின்ன நீலப் பெங்குயின் என்று பரவியிருக்கின்றன. கலாபகஸ் பெங்குயின் நிலநடுக்கோட்டின் மேலேயே வாழ்கிறது.

அண்டார்க்டிகக் கண்டத்தில் குஞ்சு பொரிப்பவை சில வகைகள்தான். பேரரசப் பெங்குயினும் அடேலியும் அவற்றில் முக்கியமானவை.

அப்படியானால் எல்லா இடத்துக்கும் பொதுவானது எது? மீன் நிறைந்த குளிர்ந்த கடல்நீர். கலாபகஸ் தீவுகளில் வெயில் கொளுத்தினாலும், ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரோட்டம் மேலேறி வந்து மீனைக் கொண்டுவருகிறது. எல் நினோ காலத்தில் கடல் சூடாகி அந்த நீர் வராமல் போனால் மீன் குறையும், பெங்குயினும் பட்டினி கிடக்கும். 1982-83 எல் நினோவில் கலாபகஸ் பெங்குயின்களின் எண்ணிக்கை சுமார் 77 விழுக்காடு சரிந்தது.

வடதுருவத்தில் ஏன் பெங்குயின் இல்லை?

பெங்குயின் இனம் தோன்றியதும் பரவியதும் தெற்கே. வடக்கே போக வேண்டுமானால் வெப்பமண்டலக் கடலைத் தாண்டியாக வேண்டும். அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாகவும் இரை குறைவாகவும் இருக்கிறது. பறந்து கடக்கவும் வழியில்லை. கரடி, நரி போன்ற ஊனுண்ணிகள் திரியும் வடகரையில், தரையில் முட்டையிடும் பறக்காத பறவை நிலைப்பதும் எளிதல்ல. வடக்கு அட்லாண்டிக்கில் பெங்குயினைப் போலவே தோற்றமளித்த, பறக்காத ‘பெரிய ஆக்’ என்ற பறவை ஒன்று இருந்தது. அது வேறு குடும்பம். மனிதர்கள் வேட்டையாடியதால் 1844இல் ஐஸ்லாந்துக் கரையோரத்தில் அதன் கடைசி இணையும் கொல்லப்பட்டது.

மொத்தம் எத்தனை வகை?

பொதுவாக 18 என்று கணக்கிடுகிறார்கள். மிகப் பெரியது பேரரசப் பெங்குயின். நிமிர்ந்து நின்றால் ஏறத்தாழ 1.1 மீட்டர், எடை 22 முதல் 45 கிலோ வரை. மிகச் சிறியது சின்ன நீலப் பெங்குயின். உயரம் 33 செ.மீ. அளவில், எடை சுமார் 1 கிலோ.

படத்தைப் பார்த்து வகையைச் சொல்ல முடியுமா?

முடியும். தலையையும் நெஞ்சையும் பாருங்கள். மற்ற இடங்கள் எல்லா வகையிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும்: முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. மேலிருந்து பார்த்தால் இருண்ட கடலோடும் கீழிருந்து பார்த்தால் வெளிச்சமான நீர்ப்பரப்போடும் கலந்துவிட இந்த நிறம் உதவுகிறது.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் மட்டும் இருந்தால் அடேலி. தாடையின் கீழே தொப்பி வார் போல மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் சின்ஸ்ட்ராப். கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை, ஆரஞ்சு நிற அலகு என்றால் ஜென்டூ. புருவத்தில் மஞ்சள் இறகுக் கொத்து துருத்திக்கொண்டிருந்தால் ராக்ஹாப்பர், மக்கரோனி போன்ற கொண்டைப் பெங்குயின்களில் ஒன்று. நெஞ்சில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தால் ஆப்பிரிக்கப் பெங்குயினாகவோ ஹம்போல்டாகவோ இருக்கும். அதே இடத்தில் இரண்டு பட்டைகள் இருந்தால் பெரும்பாலும் மெகல்லன். அரசப் பெங்குயினையும் பேரரசப் பெங்குயினையும்தான் பலர் குழப்பிக்கொள்வார்கள். காதருகே உள்ள நிறத் திட்டு அரசனுக்கு அடர் ஆரஞ்சாக, ஓரம் தெளிவாக இருக்கும். பேரரசனுக்கு அது வெளிர்மஞ்சளாகி நெஞ்சை நோக்கி மங்கிப் போகும். குஞ்சுகளைப் பார்த்தால் குழப்பமே வராது. அரசக் குஞ்சு முழுக்கப் பழுப்பு நிறம், பேரரசக் குஞ்சு சாம்பல் நிறம், முகம் வெள்ளை.

ஆணா பெண்ணா என்று மட்டும் பார்வையில் சொல்ல முடியாது. ஆய்வாளர்களும் பெரும்பாலும் இறகு அல்லது இரத்தத்திலிருந்து மரபணுச் சோதனை செய்துதான் உறுதிசெய்கிறார்கள்.

அவ்வளவு குளிர் தண்ணீரில் எப்படித் தாங்குகிறது?

முதல் காரணம் இறகு. குட்டையான, விறைப்பான வெளி இறகுகள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அவற்றுக்கு அடியில் பஞ்சு போன்ற தூவி, காற்றைப் பிடித்து வைத்திருக்கும். குளிர்நீர் தோலைத் தொடாமல் காப்பது அந்தக் காற்றுதான். வால் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பெங்குயின் அலகால் அந்த எண்ணெயை எடுத்து இறகெங்கும் தடவி, கலைந்த இறகுகளைச் சீராக்கும். இதற்கு நாள்தோறும் நிறைய நேரம் செலவிடும். ஏனென்றால் ஓரிடத்தில் இறகு விலகினாலும் அந்த வழியாகக் கடல்நீர் உள்ளே புகுந்துவிடும்.

தோலுக்கு அடியில் கொழுப்பு இருக்கிறது. அது குளிரையும் தடுக்கும், பட்டினி நாட்களில் உணவாகவும் பயன்படும்.

வெறுங்காலோடு பனியில் நிற்கிறதே, கால் உறையாதா?

உறையாது. காலுக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாயும் காலிலிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தக் குழாயும் ஒட்டி ஓடுகின்றன. இறங்கும் இரத்தம் தன் சூட்டை ஏறும் இரத்தத்துக்கு வழியிலேயே கொடுத்துவிடும். அதனால் பாதத்துக்குப் போவது குளிர்ந்த இரத்தம்தான். பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே, 1 அல்லது 2 டிகிரியில் இருந்தால் போதும். பாதம் சூடாக இருந்தால் அந்தச் சூடெல்லாம் பனிக்குப் போய்விடும். உடம்புக்குள்ளே வெப்பம் 38 டிகிரி அளவில் அப்படியே இருக்கும்.

வெயில் நாட்டுப் பெங்குயின்கள் என்ன செய்யும்?

அவற்றுக்கு நேர் எதிரான சிக்கல். ஆப்பிரிக்கப் பெங்குயினின் கண்ணுக்கு மேலே இறகில்லாத இளஞ்சிவப்புத் தோல் தெரியும். உடம்பு சூடாகும்போது இரத்தம் அங்கே அதிகமாகப் பாய்ந்து வெப்பத்தை வெளியேற்றும். அப்போது அந்த இடம் இன்னும் சிவக்கும். வளை தோண்டி உள்ளே முட்டையிடுவதும் வெயிலுக்குப் பயந்துதான்.

பெங்குயினுக்கு முழங்கால் உண்டா?

உண்டு. தொடையும் முழங்காலும் உடம்பின் இறகுக்குள் மறைந்திருக்கும். வெளியே தெரிவது கணுக்காலும் பாதமும்தான். கால்கள் உடம்பின் கடைசியில் அமைந்திருப்பதால் நீந்தும்போது சுக்கான் போலத் திசை திருப்ப உதவும். நடக்கும்போதோ ஆடி ஆடித்தான் நடக்க வேண்டும். அந்த ஆட்டம் வீணல்ல. ஓர் அடியில் கிடைத்த விசையை அடுத்த அடிக்குக் கடத்தி, குட்டைக் காலின் சிரமத்தைக் குறைக்கிறது. பனி வழுக்கலாக இருந்தால் வயிற்றில் படுத்து, காலால் உந்திச் சறுக்கிக்கொண்டே போகும்.

என்ன தின்னும்? எப்படிப் பிடிக்கும்?

மீன், கணவாய், இறாலைப் போன்ற கிரில். எது முக்கியம் என்பது வகையைப் பொறுத்தது. அடேலிக்கும் சின்ஸ்ட்ராப்புக்கும் கிரில் முக்கியம், ஆப்பிரிக்கப் பெங்குயினுக்கு மத்தியும் நெத்திலியும்.

பெங்குயினுக்குப் பல் கிடையாது. வாயைத் திறந்து உள்ளே பார்த்தால், நாக்கிலும் மேலண்ணத்திலும் சதையாலான முட்கள் வரிசை வரிசையாகத் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கும். வழுக்கும் மீன் பின்வாங்க முடியாது. மெல்லாமல் முழுதாக விழுங்கிவிடும். இனிப்பு, கசப்பு போன்ற சுவைகளை உணரும் மரபணுக்களைப் பெங்குயின்கள் இழந்துவிட்டதாக 2015இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

சாதாரணமாக மணிக்கு 6 முதல் 10 கி.மீ. வேகத்தில் நீந்தும். ஜென்டூ பாய்ந்து நீந்தும்போது 30 கி.மீ.யையும் தாண்டும். முக்குளிப்பதில் பேரரசப் பெங்குயினை மிஞ்சப் பறவைகளில் ஆளில்லை. பதிவான அதிகபட்ச ஆழம் 564 மீட்டர், அதிகபட்ச நேரம் 32 நிமிடத்துக்குச் சற்று மேல். வழக்கமான முக்குளிப்புகள் இதைவிட மிகக் குறைவு, சில நிமிடங்கள்தான். தசையில் ஆக்சிஜனைச் சேர்த்துவைக்கும் புரதம் ஏராளமாக இருப்பதாலும், நீருக்குள் இதயத் துடிப்பு வெகுவாகக் குறைவதாலும் மூச்சை இவ்வளவு அடக்க முடிகிறது.

கடலிலிருந்து உயரமான பனித்திட்டின் மேல் எப்படி ஏறுகிறது?

ஏறுவதில்லை, பாய்கிறது. பேரரசப் பெங்குயின் முக்குளிப்பதற்கு முன் இறகுக்குள் காற்றைத் தேக்கிக்கொள்ளும். மேலே வரும்போது அந்தக் காற்றைச் சிறு குமிழிகளாக வெளியேவிடும். குமிழிகள் உடம்பைச் சூழ்ந்துகொள்வதால் நீரின் உராய்வு குறைந்து வேகம் கூடும். நீருக்கடியில் எடுத்த படங்களில் அதன் பின்னால் வெண்புகை போல நீளும் கோடு இந்தக் குமிழிகள்தான்.

உப்புத் தண்ணீரைக் குடித்தால் தாகம் கூடாதா?

கண்ணுக்கு மேலே உப்பைப் பிரிக்கும் சுரப்பி இருக்கிறது. உப்புக் கரைசல் மூக்குவழியாக ஒழுகி அலகு நுனியில் சொட்டும். தலையை உதறி அதைத் தள்ளிவிடும். அதைப் பார்த்துச் சளி பிடித்திருப்பதாக நினைக்க வேண்டாம்.

பேரரசப் பெங்குயின் கடுங்குளிரில் ஏன் முட்டையிடுகிறது?

குஞ்சு வளர ஏறத்தாழ 5 மாதம் ஆகும். அது கடலில் இறங்கும் நாள், இரை மிகுந்த கோடைக்காலமாக இருக்க வேண்டும். தெற்கே கோடை என்பது டிசம்பர், ஜனவரி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் முட்டையிடும் நேரம் மே, ஜூன், அதாவது குளிர்காலத் தொடக்கம்.

பெண் ஒரே ஒரு முட்டைதான் இடும். எடை 450 கிராம் அளவில் இருக்கும். கூடு கிடையாது. முட்டை பாதத்தின் மேல் இருக்க, வயிற்றுத் தோல் மடிப்பு அதைப் போர்த்திக்கொள்ளும். இட்ட முட்டையைப் பெண் ஆணின் பாதத்துக்கு மாற்ற வேண்டும். மிக ஆபத்தான நேரம் இதுதான். எதிரெதிரே நின்று, பெண் பின்வாங்க, ஆண் அலகாலும் காலாலும் முட்டையைத் தன் பக்கம் உருட்டிக்கொள்ளும். முதல் முறை பெற்றோராகும் இணைகள் இதில் தவறவிடுவதுண்டு. முட்டை பனியில் சிறிது நேரம் கிடந்தாலே உள்ளிருக்கும் கரு உறைந்துவிடும்.

பிறகு பெண் கடலுக்குப் போய்விடும். ஆண் சுமார் 65 நாள் முட்டையோடு நிற்கும். கூட்டத்துக்கு வந்து இணை சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 4 மாதம் ஒன்றும் தின்னாமல் இருக்கும். அதற்குள் எடையில் 40 விழுக்காடு வரை குறைந்துவிடும். பெண் வருவதற்கு முன்பே குஞ்சு பொரித்துவிட்டால், ஆணின் உணவுக்குழாயில் சுரக்கும் தயிர் போன்ற பொருள் குஞ்சைச் சில நாள் காப்பாற்றும். அதற்குள் தாய் வயிறு நிறைய இரையோடு வந்து சேர வேண்டும்.

பேரரசப் பெங்குயின்கள் ஏன் நெருக்கியடித்து நிற்கின்றன?

வெப்பத்தைச் சேமிக்க. ஒரு சதுர மீட்டரில் 10 பறவை வரை நிற்கும். நடுவில் வெப்பம் 37 டிகிரியைத் தொடும் அளவுக்குப் போகும். வெளியே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே பல பத்து டிகிரி இறங்கியிருக்கும் அதே நேரத்தில்தான் இது. அப்படி இறுகி நிற்கும்போது தனியாக ஒரு பறவை நகர முடியாது. 30 முதல் 60 விநாடிக்கு ஒருமுறை ஒரு பறவை 5 முதல் 10 செ.மீ. அடியெடுத்து வைக்க, அடுத்தது, அதற்கடுத்தது என்று அலைபோல முழுக் கூட்டமும் நகரும். இப்படியே ஓரத்தில் நின்றவை உள்ளே வரவும் உள்ளே நின்றவை வெளியே போகவும் வழி கிடைக்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள, மூடியுள்ள 8 சிறு பாட்டில்கள், ஒரு வெப்பமானி, கயிறு, மின்விசிறி வேண்டும். பெரியவர் ஒருவரின் துணையோடு, சுமார் 60 டிகிரி சூட்டு நீரை எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவு ஊற்றி மூடுங்கள். ஒன்றை நடுவில் வைத்து 6 பாட்டில்களை அதைச் சுற்றி ஒட்டி நிறுத்திக் கயிற்றால் கட்டுங்கள். 8ஆவது தள்ளித் தனியாக நிற்கட்டும். விசிறியை இரண்டின் மீதும் படுமாறு ஓடவிட்டு, 10 நிமிடத்துக்கு ஒருமுறை நடுப்பாட்டில், காற்றடிக்கும் பக்கத்துப் பாட்டில், தனிப்பாட்டில் ஆகிய மூன்றிலும் வெப்பம் பாருங்கள். தனிப்பாட்டில் முதலில் ஆறும், நடுப்பாட்டில் கடைசியில். வித்தியாசம் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்: பாட்டில்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழுந்து, அதன் வழியே காற்று புகுந்திருக்கும். மூடியை நெடுநேரம் திறந்து வைத்தாலும் கணக்குத் தப்பும்.

மற்றப் பெங்குயின்கள் கூடு கட்டுமா?

பல வகைகள் கட்டும். அடேலியும் ஜென்டூவும் கூழாங்கற்களைக் குவித்துக் கூடு அமைக்கும். பனி உருகி ஓடும் நீரில் நனைந்தால் முட்டை கெட்டுவிடும். கற்குவியல் முட்டையை அந்த நீருக்கு மேலே வைக்கும். அடேலிக் கூட்டத்தில் நல்ல கல்லுக்குப் பெரும் தட்டுப்பாடு, அதனால் பக்கத்துக் கூட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடுவது சாதாரணம். பொதுவாக 2 முட்டை. ஆணும் பெண்ணும் முறைபோட்டு அடைகாக்கும்.

ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு நடுவே தன் குஞ்சை எப்படிக் கண்டுபிடிக்கும்?

குரலால். கூடு உள்ள வகைகளுக்குக் கூடு இருக்கும் இடமே பாதி அடையாளம். அரசனுக்கும் பேரரசனுக்கும் கூடே இல்லை, குரலை மட்டுமே நம்ப வேண்டும். பறவையின் குரல் உறுப்புக்கு இரண்டு பிரிவுகள் உண்டு. அரசனும் பேரரசனும் அந்த இரண்டு பிரிவுகளிலும் ஒரே நேரத்தில் ஒலியெழுப்பும். அந்த இரட்டைக் குரலின் அதிர்வு பறவைக்குப் பறவை வேறுபடும்.

குஞ்சு பிறந்ததும் நீந்துமா?

நீந்தாது. குஞ்சின் தூவி காற்றில்தான் கதகதப்பு தரும். நனைந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வளர்ந்த பறவையின் இறகு முளைக்கும்வரை தண்ணீரில் விழுந்த குஞ்சு குளிரில் விறைத்து இறந்துபோகும்.

2022இல் நடந்தது இதுவே. அண்டார்க்டிகாவின் பெலிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில், பேரரசப் பெங்குயின்கள் குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்த கடற்பனி வழக்கத்துக்கு முன்பே உடைந்தது. அங்கே தெரிந்த 5 கூட்டங்களில் 4 கூட்டங்களின் குஞ்சுகள் அநேகமாக எல்லாமே இறந்திருக்கும் என்று செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் 2023இல் தெரிவித்தார்கள். கடற்பனி நிலைத்து நிற்கும் நாட்கள் குறைவதுதான் இந்தப் பறவைக்கு மிகப் பெரிய அச்சுறுத்தல்.

எதிரிகள் யார்?

கடலில் சிறுத்தைச் சீல், ஓர்க்கா என்ற கொலைகாரத் திமிங்கிலம், சில இடங்களில் கடற்சிங்கம். கரையில் ஸ்கூவா என்ற பறவை முட்டையையும் குஞ்சையும் தூக்கிப் போகும். மனிதர் கொண்டுபோன நாய், பூனை, நரி ஆகியவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற இடங்களில் பெருந்தீங்கு செய்கின்றன. அண்டார்க்டிகாவில் நாய்களுக்கு 1994 முதல் அனுமதி இல்லை.

எப்படித் தூங்கும்?

அடைகாக்கும் சின்ஸ்ட்ராப் பெங்குயின்களை ஆராய்ந்தபோது, அவை சராசரியாக 4 விநாடி மட்டுமே கண்ணயர்வது தெரிந்தது. அப்படி ஒரு நாளில் 10,000 முறைக்கும் மேல் கண்ணயர்ந்து, மொத்தத்தில் 11 மணி நேரத்துக்கு மேல் தூங்கிவிடுகின்றன. ஸ்கூவாவையும் பக்கத்துக் கூட்டுப் பறவைகளையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டுமல்லவா.

எண்ணெய்க் கசிவு பெங்குயினை எப்படிக் கொல்கிறது?

எண்ணெய் பட்டால் இறகுகள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு இடைவெளி விழும். உள்ளே இருந்த காற்று போய்க் குளிர்நீர் புகும். பறவை குளிரில் நடுங்கிக் கரையேறும், இரை தேட முடியாது. அலகால் கோதிச் சுத்தம் செய்யும்போது எண்ணெயை விழுங்கியும் விடும்.

2000ஆம் ஆண்டு ஜூனில் தென்னாப்பிரிக்கக் கரையருகே ட்ரெஷர் என்ற கப்பல் மூழ்கியபோது சுமார் 19,000 ஆப்பிரிக்கப் பெங்குயின்கள் எண்ணெயில் நனைந்தன. அவற்றை மீட்பு மையங்களுக்குக் கொண்டுபோய்த் தொண்டர்கள் கழுவினார்கள். இன்னும் எண்ணெய் படாத ஏறத்தாழ 19,500 பறவைகளைப் பிடித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி போர்ட் எலிசபெத் அருகே விட்டார்கள். அவை நீந்தித் தங்கள் தீவுக்குத் திரும்பிவருவதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிட்டார்கள்.

கழுவும் முறையிலும் வரிசை உண்டு. கொண்டுவந்ததும் கழுவக் கூடாது. சோர்ந்த பறவை அந்த அதிர்ச்சியைத் தாங்காது. முதலில் கதகதப்பும் நீராகாரமும் கொடுத்துத் தேற்ற வேண்டும். பிறகுதான் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலால் கழுவுவார்கள். தலைக்கும் கண்ணோரத்துக்கும் மென்மையான சிறு பிரஷ். சோப்பு சிறிது மிஞ்சினாலும் இறகில் நீர் ஏறும் என்பதால், அலசுவதற்குக் கழுவுவதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். கடைசியில் குளத்தில் நீந்தவிட்டு, உடம்பு நனையாமல் வருகிறதா என்று பார்த்த பிறகே கடலில் விடுவார்கள்.

எந்தப் பெங்குயினுக்கு இப்போது ஆபத்து அதிகம்?

ஆப்பிரிக்கப் பெங்குயினுக்கு. 2024 அக்டோபரில் அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. முட்டையிடும் இணைகள் 10,000க்கும் குறைவு. முன்பு தீவுகளில் தலைமுறை தலைமுறையாகப் படிந்திருந்த எச்சப் படிவத்தில்தான் அது வளை தோண்டியது. அதை மனிதர்கள் உரத்துக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டவெளியில் முட்டையிட வேண்டியதாயிற்று. இப்போது பெரிய சிக்கல் இரை. மத்தியும் நெத்திலியும் குறைந்துவிட்டன, இருப்பவற்றுக்கு மீன்பிடிக் கப்பல்களும் போட்டி. 2025 மார்ச்சில் தென்னாப்பிரிக்க நீதிமன்ற உத்தரவுப்படி, முக்கியமான 6 கூட்டங்களைச் சுற்றி அந்த மீன்களைப் பிடிக்க 10 ஆண்டு தடை வந்திருக்கிறது. இது சரியான நடவடிக்கை. பறவையைக் காக்க வேண்டுமானால் அதன் கடலில் மீன் இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை பெங்குயின் அலங்கோலமாகத் தெரிகிறதே, அது நோயா?

நோயல்ல, இறகு உதிர்க்கும் காலம். மற்றப் பறவைகள் சில சில இறகாக மாற்றும். பெங்குயின் எல்லா இறகையும் ஒரே மூச்சில் மாற்றும். பழைய இறகு கற்றை கற்றையாகத் தொங்கும், உடம்பு ஊதித் தெரியும். 2 முதல் 5 வாரம் வரை நீர்க்காப்பு இல்லாததால் கடலில் இறங்க முடியாது, எனவே தின்னவும் முடியாது. எடை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். இதற்கு முன்னால் கடலில் போதிய மீன் கிடைத்துக் கொழுப்பேறாத பறவை இந்த வாரங்களைத் தாண்டாது.

கடற்கரையில் தனியாக ஒரு பெங்குயினைக் கண்டால் என்ன செய்வது?

அது இருக்கும் நாடுகளுக்குப் போகும்போது இது பயன்படும். அண்டார்க்டிகாவில் பார்வையாளர்கள் குறைந்தது 5 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது நெறிமுறை. மற்ற இடங்களிலும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது. கடலுக்கும் பெங்குயினுக்கும் இடையில் போய் நிற்காதீர்கள். நாயைக் கட்டிவையுங்கள்.

இறகு உதிர்த்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். பாவம் என்று தண்ணீரில் தள்ளினால் அது குளிரில் இறந்துபோகும். எண்ணெய்க் கறை, இரத்தக் காயம், தலை தொங்கிக் கிடப்பது, ஈ மொய்ப்பது இவற்றில் ஏதாவது தெரிந்தால் உள்ளூர் வனவிலங்கு மீட்புக் குழுவுக்குச் சொல்லுங்கள். மீன் கொடுக்க வேண்டாம். சோர்ந்த பறவைக்கு அதைச் செரிக்கத் தெம்பு இருக்காது.

பெங்குயின்தானே என்று பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பது எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஒவ்வோர் ஆண்டும் பிரேசில் கரையில் ஒதுங்கும் இளம் மெகல்லன் பெங்குயின்கள் பல, மெலிந்து உடல்சூடு குறைந்த நிலையில்தான் வந்து சேர்கின்றன. அவற்றுக்கு வேண்டியது உலர்ந்த, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியும், கீழே ஒரு துணியும், அமைதியும்தான்.